பிறவிக் குற்றவாளிக் கோட்பாடு

சிலர் குற்றவாளிகளாகவே பிறக்கிறார்கள், உடலைப் பார்த்தே அவர்களை அடையாளம் காணலாம் என்பது இக்கோட்பாட்டின் சாரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் உருப்பெற்றது.

அதற்கு முன், 1764இல் நூல் எழுதிய செசாரே பெக்காரியா, மனிதன் லாபநட்டம் பார்த்தே குற்றத்தில் இறங்குகிறான் என்றார். தண்டனை கொடியதாக இருப்பதைவிடத் தப்ப முடியாததாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ (1835–1909) செயலை விட்டுவிட்டு, செய்தவனின் உடலை ஆராயப் புகுந்தார். தென் இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த வில்லெல்லா என்ற குற்றவாளியின் மண்டையோட்டில், பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்கக் கண்டார். கீழ்நிலை விலங்குகளுக்குரிய அமைப்பு அது என்று கருதி, குற்றவாளி என்பவன் பரிணாமத்தில் பின்தங்கிய மனிதன் என்ற முடிவுக்கு வந்தார். 1876இல் வெளியான 'குற்றவாளி மனிதன்' பெரிய தாடை, துருத்திய காது, நீண்ட கை, வலி உறைக்காமை, பச்சை குத்துதல் ஆகியவற்றைக் குறிகளாக அடுக்கியது. அவர் ஆராய்ந்த சிறைக் கைதிகளில் பெரும்பாலோர் ஏழைகள். வறுமை உடலில் பதித்த தடங்களையும் அவர் பிறவிக் குறிகளாகவே எண்ணினார். பின்னாளில் வறுமை, குடி போன்ற காரணங்களையும் சேர்த்துக்கொண்டாலும் அடிப்படைக் கருத்தை அவர் கைவிடவில்லை.

ஆங்கிலேயச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, மாணவர்கள், படைவீரர்கள் முதலியோருடன் ஒப்பிட்டார். குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு இல்லை என்று 1913இல் அறிவித்தார்.

குற்றம் பிறப்பிலேயே வருவது என்ற எண்ணம் இந்தியாவில் லொம்ப்ரோசோவின் நூலுக்கு முன்பே சட்டமாகியிருந்தது. சாதிக்கொரு குலத்தொழில் இருப்பதுபோல் சில சாதிகளுக்குத் திருட்டே குலத்தொழில் என்று நம்பிய ஆங்கிலேய அதிகாரிகள், 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தவறே செய்யாதவரும் பெயரைப் பதிந்து கைரேகை வைக்க வேண்டியிருந்ததால், மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். மதுரைப் பகுதியில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் பலர் மாண்டனர். இக்கோட்பாட்டை வெறும் பிழையான அறிவியல் என்று ஒதுக்கிவிட முடியாததற்கு அந்த ஊரே சான்று.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீக்கப்பட்டது. அதற்குள்ளான சமூகங்கள் தமிழகத்தில் இன்று சீர்மரபினர் எனப்படுகின்றன. சிறை விதிகளில் இத்தகைய சமூகங்களைக் குறிவைத்து எஞ்சியிருந்த பாகுபாடுகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் செல்லாதென அறிவித்தது.