5 காசுப் பை: வீட்டுக் குப்பையை எதில் கட்டுவது?

"பை வேண்டுமா?"

பேரங்காடிகளில் பணம் கட்டும்போது வரும் அந்தக் கேள்வி இப்போது பழகிப்போய்விட்டது. 2023 ஜூலை 3 முதல் சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகள் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகின்றன. ஆண்டு வருவாய் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் உள்ள பேரங்காடி நிறுவனங்களுக்கு அது கட்டாயம். காகிதப் பைக்கும் கட்டணம் உண்டு. மீன், காய்கறி போடும் கைப்பிடி இல்லாத மெல்லிய பைக்கு இல்லை. தேக்கா ஈரச்சந்தைக் கடைகளுக்கும் அந்த விதி பொருந்தாது.

கட்டணம் என்னவோ சின்னதுதான். சிக்கல் சமையலறையில்தான் ஆரம்பிக்கிறது. பல வீடுகளில் பேரங்காடிப் பைதான் குப்பைப் பை! சேர்த்து வைத்த பைகள் தீர்ந்தபிறகு என்ன செய்வது?

குப்பையைக் கட்டித்தான் போட வேண்டுமா?

ஆமாம். வீவக புளோக்குகளில் குப்பை, மாடியிலிருந்து குழாய் வழியே கீழே விழுகிறது. பழைய புளோக் என்றால் குழாய் உங்கள் சமையலறையிலேயே இருக்கும். மீன் கழிவையும் மிச்சக் குழம்பையும் அப்படியே கொட்டினால் குழாயின் சுவரில் ஒட்டும், நாறும், கரப்பான்பூச்சி வரும். அதனால் குப்பைக்குப் பை பயன்படுத்த வேண்டாம் என்று அதிகாரிகளும் சொல்வதில்லை. தேவைக்கு மேல் எடுக்காதீர்கள் என்பதுதான் கோரிக்கை.

மக்கும் பை வாங்கினால் நல்லதா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் யோசனை இது. ஆனால் சிங்கப்பூருக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.

இங்கே வீட்டுக் குப்பை மண்ணில் புதைக்கப்படுவதில்லை, எரிக்கப்படுகிறது. எரித்தால் அதன் அளவு சுமார் 90 விழுக்காடு குறையும். மிஞ்சும் சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999இலிருந்து இயங்கும் அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்படுகிறது. அதைவிட்டால் நாட்டில் வேறு குப்பைக் கிடங்கு கிடையாது.

மக்கும் பையும் அதே உலைக்குத்தான் போகும். மக்குவதற்கு வாய்ப்பே இல்லை! ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குப் பதில் ஒருமுறை பயன்படுத்தும் வேறு பொருளுக்கு மாறுவது சுற்றுப்புறத்துக்கு நல்லதாக அமையும் என்று சொல்லமுடியாது. தேசியச் சுற்றுப்புற அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வும் அதைத்தான் சொன்னது. எண்ணிக்கையைக் குறைப்பதே வழி.

துணிப்பைக்கும் அந்தக் கணக்கு உண்டு. ஒரு துணிப்பையைப் பல முறை பயன்படுத்தினால்தான் அதைச் செய்த செலவுக்கு ஈடாகும். தீபாவளிக்குத் துணிக்கடையில் கொடுத்தது, ஏதோ கருத்தரங்கில் கொடுத்தது என்று அலமாரியில் எத்தனை இருக்கின்றன? புதிதாக ஒன்று வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள்.

சரி, குப்பையை எதில் கட்டுவது?

வீட்டுக்கு வரும் பைகளிலேயே கட்டலாம். ரொட்டிப் பை, 5 கிலோ அரிசிப் பை, ஆட்டா மாவுப் பை, கழிவறைத் தாள் சுற்றி வரும் உறை எல்லாமே தாங்கும். மீன் வாங்கிய மெல்லிய பையை, மீனைக் கழுவியபிறகு செதிலும் முள்ளும் போட்டுக் கட்டப் பயன்படுத்தலாம்.

உணவுக் கழிவில் உள்ள தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள். ஈரம் குறைந்தால் சிறிய பையே போதும், ஒழுகாது, இரண்டு பை போட்டுக் கட்டவும் வேண்டியதில்லை. பாதிப் பையைத் தினமும் போடுவதைவிட நிரம்பியபிறகு போடுவது மேல். ஆனால் மீன், இறால் சமைத்த நாளில் அதைப் பார்க்க வேண்டாம், அன்றே போட்டுவிடுங்கள்.

கடையில் 5 காசுப் பையை மறுத்துவிட்டு, குப்பைக்கென்று தனியாக ஒரு சுருள் பை வாங்குவோரும் இருக்கிறார்கள். அதுவும் பிளாஸ்டிக்தானே! அதற்கு, வாரம் ஓரிரு பைகளைக் காசு கொடுத்து வாங்கி, சாமானையும் கொண்டுவந்து, பிறகு குப்பையும் கட்டினால் ஒரே பை இரண்டு வேலை பார்க்கும். அதில் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை.

அந்த 5 காசு எங்கே போகிறது?

கட்டணம் பேரங்காடியிடமே இருக்கும். ஆனால் எத்தனை பைகள் கொடுக்கப்பட்டன, எவ்வளவு வசூலானது, அதை எதற்குச் செலவிட்டார்கள் என்ற விவரங்களை அவை வெளியிட வேண்டும்.