போர்வையில் வாழும் வண்ணம்

இரு துணிகளுக்கிடையே பஞ்சைப் பரப்பி, மூன்றையும் இணைத்துத் தைக்கும் போர்வைக் கலை குளிர்நாடுகளில் சிறந்து விளங்கியது. அதற்கு அழகூட்டியவற்றுள் நம் சோழமண்டலக் கரையின் துணியும் ஒன்று என்பதை நேயர்கள் அறிதல் நன்று.

சாயவேரின் செம்மையும் அவுரியின் நீலமும் ஏற்ற நம் வண்ணத் துணிகள், 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய இல்லங்களைக் கவர்ந்தன. தத்தம் பட்டு, கம்பளித் தொழில்களைக் காக்க விரும்பிப் பிரான்சு 1686-லும், இங்கிலாந்து 1721-லும் தடைச் சட்டங்கள் இயற்றின. அரிய பொருளாகிவிட்ட துணியைக் கிழிந்த பின்னும் எறிய மனம் வருமோ? பெண்கள் அதிலுள்ள மலரையும் பறவையையும் கத்தரித்து, வெள்ளைத் துணியில் பொருத்திப் போர்வை தைத்தனர்.

அருங்காட்சியகங்களிலுள்ள அவற்றைப் பார்த்து இன்றும் புதியன தைப்போர் உளர். தைத்தவர் பெயரைச் சில போர்வைகள் காட்டுகின்றன. வண்ணந் தீட்டிய நம் கைவினைஞர் பெயரோ மறைந்தது. மங்காத அச்செம்மையே அவர்தம் கையொப்பம்.