அழகம்மாளும் அஜகம்மாளும்: நெட்டப்பாக்கத்தின் பிறப்பேடுகள், 1880–1963

அமெரிக்காவில் முன்னோரைத் தேடுகிறவர் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போய் உயில்களையும் நிலப்பத்திரங்களையும் புரட்டுவார். புதுச்சேரியின் நெட்டப்பாக்கம், மடுகரை, ஏரிப்பாக்கம் பக்கத்தில் அதே தேடல் 'மேரி'யின் பிறப்பு, திருமண, இறப்பு ஏடுகளில் தொடங்குகிறது. (பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் நகராட்சி மாளிகைக்குப் புதுவையில் 'மேரி' என்றுதான் பேர்.) இந்த ஏடுகளை யாரும் வம்ச வரலாறாக எழுதவில்லை. ஓர் உடன்படிக்கைதான் அவற்றை அப்படி ஆக்கியது.

1880 மார்ச் 12 ஆணை பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிப் பிரிவுகளை ஏற்படுத்தியது. ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 24 ஆணை பிரெஞ்சு முறைக் குடிப்பதிவை இந்தியர்களுக்கும் விரித்தது. அப்போது நெட்டப்பாக்கம் தனிக் கொம்யூன் இல்லை, பாகூரில் அடங்கியிருந்தது. 1907-இல்தான் பிரிந்தது. அதற்கு முன் பிறந்த கொள்ளுத்தாத்தாவை நெட்டப்பாக்கத்து ஏட்டிலேயே தேடிக்கொண்டிருந்தால் அவர் அகப்படமாட்டார்.

ஏட்டுக்குக் குடும்பப் பெயர் வேண்டும்; நமக்கோ அப்பா பெயரின் முதலெழுத்தே போதும். இந்த முரண்பாடு முற்றியது 1881 செப்டம்பர் 21 ஆணையில். சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர விரும்பியவர்கள் அதை எழுதிக்கொடுத்து, வழிவழியாகத் தொடரும் பெயர் ஒன்றையும் தேர்ந்துகொள்ள வேண்டும். இந்தத் துறப்பு இயக்கத்தின் முன்னோடியான வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லபோர்த்' என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் 'கதவு' என்று பொருள். அவர் ஏற்கெனவே 1873-இல் சப்பாத்துப் போட்டு நீதிமன்றம் நுழைந்ததற்காகப் பாரிஸ் வரை வழக்காடியவர். துறந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் மிகுதி. சைகோன் வரை வேலைக்குப் போன பலருக்கு இந்தப் புதுப் பெயர்தான் துணை.

நெட்டப்பாக்கத்தில் கொடி மாறியது 1954 மார்ச் 31-இல், அரசியல் தலைவர் எதுவார் குபேர் இந்தியக் கொடியை ஏற்றியபோது. புதுச்சேரி நகருக்கு ஏழு மாதம் முந்தி. ஆனால் ஏடுகளின் தலையெழுத்தை மாற்றியது 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியராவர். வேண்டாமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். கொடுத்தவர்கள் சுமார் 5000 பேர். வீட்டில் யார் கையெழுத்திட்டார், யார் சும்மா இருந்தார் என்பதைப் பொறுத்துப் பேரப்பிள்ளைகளின் கடவுச்சீட்டே வேறுபட்டது. அன்றிலிருந்து பிறப்பேடு ஒரு சொத்துப் பத்திரம் மாதிரி.

நல்லவேளையாக, குடியேற்ற நாட்டு ஏடுகளின் நகல் ஒன்று வெர்சாய்க்கு வர வேண்டும் என்று பதினாறாம் லூயி 1776-இலேயே ஆணையிட்டிருந்தார். அந்த மரபில் சேர்ந்த பழைய படிகள் எக்ஸான்புரொவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கடல் தாண்டிய காகிதம் இங்குள்ள கரையானுக்குத் தப்பியது.

படிப்பதில்தான் சிக்கல். பிரெஞ்சில் 'ழ' கிடையாது. எழுத்தர்கள் அதற்கு J என்ற எழுத்தைப் போட்டார்கள். அவர்கள் வாயில் அது 'ழ'வுக்குச் சற்றே நெருங்கி ஒலிக்கும். ஆங்கிலம் படித்த கண்ணுக்கோ கீழூர் 'கிஜூர்', அழகம்மாள் 'அஜகம்மாள்'. ஏட்டைப் பிரெஞ்சு உச்சரிப்பில் உரக்கப் படித்தால் தமிழ்ப் பெயர் ஓரளவு பிடிபடும்; அலுவலகத்தில் ஏட்டை யாரும் உரக்கப் படிப்பதில்லை. பேத்தியின் ஆங்கிலச் சான்றிதழிலோ அதே பாட்டி 'அலகம்மாள்'. மூவரும் ஒருவரே என்று சொல்ல அவள் மனுப்போட வேண்டியிருக்கிறது.