தூனிஸின் விடுதலை ஆணை

சுதந்திரமான ஒரு மனிதனை விற்று அவ்விலையை உண்பவனுக்கு எதிராக மறுமை நாளில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை ஸஹீஹுல் புகாரியின் நபிமொழி ஒன்று எடுத்துரைக்கிறது. உலக ஆதாயத்திற்காக அடிமைப் பெண்களை விபசாரத்தில் தள்ளுவதைத் திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் 33-ஆம் வசனம் தடுக்கிறது. விடுதலைப் பத்திரம் கோரும் அடிமைக்கு அதை எழுதிக் கொடுக்குமாறும் அதே வசனம் பணிக்கிறது. இத்தகைய போதனைகளுக்குப் பின்னரும் முஸ்லிம் நாடுகளின் சந்தைகளில் பெண்களும் குழந்தைகளும் பல நூற்றாண்டுகள் விற்கப்பட்டனர் என்பதை நாம் மறைப்பதற்கில்லை. அந்த இழுக்கை ஷரீஅத்தின் மொழியிலேயே எதிர்கொண்ட ஓர் ஆட்சியாளரின் வரலாற்றை இங்கு நோக்குவோம்.

1837 முதல் 1855 வரை தூனிஸை ஆண்டவர் அஹ்மத் பே. 1798-இல் தூனிஸின் கடற்கொள்ளையர் சார்தீனியாவை ஒட்டிய ஸான் பியேத்ரோ தீவைத் தாக்கி, சுமார் 900 பேரைச் சிறைபிடித்து வந்தனர். அவர்களுள் ஒருத்தியாக வந்து அரண்மனையில் வளர்ந்த சிறுமியே பின்னாளில் அஹ்மதின் தாயானார்.

ஐரோப்பியரை அடிமையாக்கும் வழக்கம் தூனிஸில் 1816-ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு முடிவுக்கு வந்தது. ஆயினும் சஹாராவைக் கடந்து வந்த வணிகக் கூட்டங்கள் கறுப்பின மக்களைத் தொடர்ந்து கொண்டுவந்தன. அவர்களில் பெண்களும் சிறுவர்களுமே மிகுதி. வீட்டு ஊழியத்திற்கே பெரும்பாலோர் வாங்கப்பட்டனர்.

அஹ்மத் பே படிப்படியாகச் செயற்பட்டார். 1841-இல் தூனிஸின் அடிமைச் சந்தை மூடப்பட்டது. 1842-இல், இனிப் பிறக்கும் அடிமைகளின் குழந்தைகள் சுதந்திரமானவர்கள் என அறிவிக்கப்பட்டது. 1846 ஜனவரியில், அதாவது ஹிஜ்ரி 1262 முஹர்ரம் மாதத்தில், அடிமைமுறையே ஒழிக்கப்பட்டது. பிரிட்டிஷ் தூதர் தாமஸ் ரீடின் வற்புறுத்தல் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மையே. எனினும், ஆணையை மக்கள் ஏற்க வேண்டுமாயின் உலமாக்களின் இசைவு இன்றியமையாதது என்பதை பே அறிந்திருந்தார்.

உலமாக்களுக்கு அவர் எழுதிய மடலில் முன்வைத்த வாதங்கள் நம் கவனத்திற்குரியவை. மனிதனின் இயல்பு நிலை சுதந்திரமே. இஸ்லாம் முன்பே பரவிவிட்ட நாடுகளிலிருந்து கவர்ந்து வரப்பட்டவர்களின் மீது உரிமை கொண்டாடுவது ஐயத்திற்குரியது. எஜமானர்களில் பெரும்பாலோர் ஷரீஅத் விதித்த நல்நடத்தையைப் பேணுவதில்லை. கொடுமை தாளாமல் அடிமைகள் அந்நியத் தூதரகங்களில் அடைக்கலம் புகுவதும் தடுக்கப்பட வேண்டியதே. ஹனஃபி முஃப்தி முஹம்மத் பைரமும் மாலிகி முஃப்தி இப்ராஹீம் அர்ரியாஹியும் இதற்கு இசைவளித்தனர்.

ஆணையோடு பே நின்றுவிடவில்லை. ஸீதி மஹ்ரஸ் முதலான ஸாவியாக்களில் பத்திரம் எழுதுவோரை நியமித்தார். அங்கு ஓடிவரும் எவருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரப்பட்டது. அநாதரவான ஓர் அடிமைப் பெண் அரசவையை எட்ட இயலாது. ஆனால் தன் ஊரார் மதிக்கும் அடக்கத்தலத்தின் வாசலை அவளால் எட்ட முடியும். அந்நூர் அத்தியாயம் கூறிய எழுத்து, அவள் கையில் ஆவணமாயிற்று.

எனினும் சந்தையை மூடியது போல வீட்டின் உட்புறத்தை ஆணையால் எளிதில் எட்ட முடியவில்லை. வீட்டுச் சுவர்களுக்குள் இருந்த பெண்களின் அடிமைத்தனம் மறைவாகத் தொடர்ந்தது. 1890-இல் தண்டனைகளை விதித்து மற்றொரு ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. 2016-இல் துனிசியா ஆட்கடத்தலுக்கு எதிரான தனிச் சட்டத்தை இயற்றியது. 2019-இல் ஜனவரி 23-ஐ அடிமை ஒழிப்பு நினைவு நாளாக அறிவித்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் அடிமைமுறையை ஒழித்த 1865-க்கு 19 ஆண்டுகள் முன்னரே ஒரு முஸ்லிம் நாடு அதைச் செய்தது என்று நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆனால் அவ்வரலாறு நம்மிடம் வேறொன்றையும் கேட்கிறது. வேலைக்கென அழைத்துச் செல்லப்பட்டு அடைபட்ட சிறுமி தப்பி வருவாளாயின், அவள் நம்பித் தட்டக்கூடிய வாசல் எது? அவள் பேச்சைக் கேட்டு எழுதி, சட்டத்தின் முன் கொண்டு செல்ல அங்கே யார் அமர்ந்திருக்கிறார்? தூனிஸின் ஸாவியாக்கள் ஒரு காலத்தில் அதற்கு விடையளித்தன. நம் பள்ளிவாசல்களும் ஜமாஅத்துகளும் தத்தம் விடையை அளித்தாக வேண்டும்.