காந்த உருளையிலிருந்து எஸ்.எஸ்.டி. வரை: கொல்கத்தாவில் நம்பகம் என்னும் கேள்வி

வீட்டுக் கணினிக்கு எந்த எஸ்.எஸ்.டி. நம்பகமானது என்று ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கின்றனர். சாந்தினி சௌக் சந்தையின் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக அது தோன்றலாம். ஆயினும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் இந்தியத் தொடக்கம் இதே கொல்கத்தாவில்தான் நிகழ்ந்தது. களப்பணி ஒலிப்பதிவுகளும் சுவடிப் படிமங்களும் ஆய்வேட்டு வரைவுகளும் இன்று ஒரு விரல் நீளச் சில்லுப் பலகையில் தங்கியிருக்கின்றன. ஆகவே அவ்வரலாற்றைச் சற்று விரித்துரைப்பது பயனுடையது எனக் கருதுகிறேன்.

பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம், நகரின் வடக்கே பராநகரில் உள்ளது. இந்தியாவின் முதல் எண்முறைக் கணினியான எச்.இ.சி.-2எம் 1955–56இல் அங்கு நிறுவப்பட்டது. லண்டன் பிர்க்பெக் கல்லூரியின் ஆண்ட்ரூ பூத் வகுத்த அமைப்பைத் தழுவிப் பிரிட்டிஷ் டேபுலேட்டிங் மெஷின் நிறுவனம் உருவாக்கிய பொறி அது. அதன் நினைவகம் சுழலும் காந்த உருளை. கொள்ளளவு 1024 கணினிச் சொற்கள், அதாவது சில ஆயிரம் பைட்டுகள். 1950களின் இறுதியில் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த உரால் கணினியும் காந்த உருளையையே நம்பியிருந்தது. 1966இல் கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் இணைந்து டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஐ.எஸ்.ஐ.ஜே.யூ.-1 என்னும் கணினியை உருவாக்கின.

அக்கால வால்வுக் கணினிகள் அடிக்கடி பழுதாகும் இயல்பின. எனினும் பழுது கண்ணுக்குத் தெரிந்தது. பொறியாளர் பெட்டியைத் திறந்து சரிசெய்ய முடிந்தது. அதைவிட முக்கியமான ஒன்று, உருளை தரவின் நிலையான இருப்பிடமாக இருக்கவில்லை என்பதாகும். தரவு துளையட்டைகளிலும் கணக்கெடுப்புத் தாள்களிலும் இருந்தது. பொறி நின்றால் கணக்கீடு தாமதப்பட்டது, தரவு அழியவில்லை. இன்று இந்நிலை தலைகீழாகியுள்ளது. சாதனம் அரிதாகவே பழுதாகிறது. பழுதாகும்போது தரவையும் உடன்கொண்டு போகிறது. நம்பகத்தின் பொருளே மாறிவிட்டது என்பதுதான் இவ்வரலாறு நமக்குச் சொல்வது.

மாற்றத்தின் வேர் பெல் ஆய்வகத்தில் உள்ளது. டாவோன் காங், சைமன் ஸீ ஆகியோர் 1967இல் மிதவை வாயில் டிரான்சிஸ்டரை முன்வைத்தனர். தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1984இல் ஃபிளாஷ் நினைவகத்தையும், அவரது குழு 1987இல் அதன் நேண்ட் வகையையும் அறிமுகப்படுத்தினர். காப்புப் படலத்தால் சூழப்பட்ட சிற்றறையில் எலக்ட்ரான்களைச் சிறைவைப்பதே இதன் அடிப்படை. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் படலம் சிறிது தேய்கிறது. தொடக்கத்தில் ஓர் அறையில் ஒரு பிட் மட்டுமே வைக்கப்பட்டது. டி.எல்.சி. வகையில் மூன்று பிட்டுகள். ஆகவே எட்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். கியூ.எல்.சி. வகையில் நான்கு பிட்டுகள், பதினாறு நிலைகள். விலை குறையக் குறையப் பிழைக்கான இடைவெளியும் குறுகியது.

சான்றுகள் என்ன சொல்கின்றன? டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கூகுள் ஆய்வாளர்களுடன் இணைந்து, அந்நிறுவனத் தரவு மையங்களின் ஆறாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார். எஸ்.எஸ்.டி.களை மாற்ற நேரும் விகிதம் வன்வட்டுகளைவிடக் குறைவு. ஆனால் முதல் நான்காண்டுகளில், மாதிரியைப் பொறுத்து, 20 முதல் 63 விழுக்காடு எஸ்.எஸ்.டி.களில் திருத்தவியலாப் பிழை ஒன்றேனும் தோன்றியது. விலையுயர்ந்த ஒரு-பிட் வகை, நடைமுறையில் மற்றவற்றைவிட நம்பகமானதாக இருக்கவில்லை. எழுதிய அளவைப் போலவே சாதனத்தின் வயதும் பிழைகளோடு தொடர்புற்றிருந்தது. 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில், திடீர் மின்தடைக்கு உட்படுத்திய 15 எஸ்.எஸ்.டி.களுள் 13 ஏதேனும் ஒருவகையில் பிறழ்ந்தன.

2020 மே 20 அன்று வீசிய அம்பன் புயலுக்குப் பின் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்த கொல்கத்தாவாசிகளுக்கு இரண்டாம் ஆய்வின் பொருளை விளக்க வேண்டியதில்லை. வெப்பத்தையும் இங்குக் கருத வேண்டும். வீட்டுப் பயன்பாட்டு எஸ்.எஸ்.டி. தன் எழுதும் வரம்பை எட்டிய பின்னும், மின்னிணைப்பின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பது ஜெடெக் அமைப்பின் தரவரையறை. புதிய சாதனம் இதைவிட நெடிதாகக் காக்கும். ஆயினும் வெப்பம் கூடினால் காலம் சுருங்கும். எனவே பழைய எஸ்.எஸ்.டி.யை அலமாரியில் பூட்டி அதனை ஆவணக்காப்பகம் எனக் கொள்வது, சித்திரை வெயில் காயும் நம் நகரங்களில் தகாது.

இனித் தேர்வுக்கு வருவோம். முதலாவது, ஐந்தாண்டு உத்தரவாதமுள்ள டி.எல்.சி. வகையைக் கொள்க. 1 டெராபைட் சாதனத்துக்கு 600 டெராபைட் எழுதும் வரம்பு வழக்கமாகத் தரப்படுகிறது; ஐந்தாண்டுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 328 ஜிகாபைட். எந்த ஆய்வாளரும் அவ்வளவு எழுதுவதில்லை. ஆகவே அவ்வெண்ணை உயர்த்தக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. இரண்டாவது, டிராம் இடைநினைவகம் உள்ளதைத் தேர்ந்தால் பெருங்கோப்புகளைக் கையாளுதல் சீராக இருக்கும். மூன்றாவது, சந்தை விலையினும் மிகக் குறைந்த விலைக்கு வருவதை ஐயுறுக. வரிசை எண்ணை உற்பத்தியாளரின் தளத்தில் சரிபார்த்த பின்னரே பயன்படுத்துக. நான்காவது, மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். இன்றியமையாதது.

ஐந்தாவது, அனைத்தினும் தலையாயது: உயர்ரகச் சாதனம் ஒன்றுக்குச் செலவிடும் தொகையைப் பிரித்து, நடுத்தர எஸ்.எஸ்.டி. ஒன்றும் புற வன்வட்டு ஒன்றும் வாங்குக. வன்வட்டில் மாதந்தோறும் படியெடுத்து வேறொரு வீட்டில் வைக்கலாம். ஓலைச்சுவடிகள் நம்மை வந்தடைந்தது ஓலையின் வலிமையால் மட்டும் அன்று. ஏடு சிதையுமுன் பெயர்த்தெழுதியோர் தலைமுறைதோறும் இருந்தனர். பராநகரின் உருளைக்குப் பக்கத்தில் துளையட்டைகள் இருந்ததுபோல, நம் எஸ்.எஸ்.டி.க்குப் பக்கத்திலும் இரண்டாவது படி ஒன்று இருத்தல் வேண்டும்.