அசையாது நின்றவர்கள்

1838ஆம் ஆண்டில் பாரிசு நகரில் டாகேர் என்பவர் ஓர் உயர்ந்த மாடிச் சன்னலிலிருந்து கீழேயிருந்த அகன்ற வீதியை, வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகடு ஒன்றிலே பதிவு செய்தார். பட்டப்பகல், வண்டிகளும் குதிரைகளும் மக்களும் ஓயாது நடமாடும் வீதி. ஆயினும் அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு வீதி வெறிச்சோடிக் கிடப்பதாகவே தோன்றும். ஓரமாக ஒரே ஒரு மனிதர் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி நிற்கிறார். காலணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக அவர் சில நிமிடங்கள் அங்கேயே நின்றிருக்கிறார். ஆகவே தகடு அவரைப் பிடித்துக்கொண்டது. அவருடைய காலடியில் குனிந்து வேலை செய்தவரோ, கைகளை ஆட்டிக்கொண்டே இருந்தமையால், உருத் தெரியாத கறையாகவே மிஞ்சினார். நிழற்பட வரலாற்றில் மனிதர் இடம்பெற்ற முதற்படங்களுள் ஒன்றாக இதைக் குறிப்பிடுவர். பணிவிடை பெற்றவருக்கு உருவம் உண்டு. பணிவிடை செய்தவருக்கு இல்லை.

இது காமிராவின் ஓரவஞ்சனை அன்று, அதன் இயல்பு. காமிரா என்னும் இலத்தீன் சொல்லுக்கு அறை என்பதே பொருள். இருண்ட அறையின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியே நிற்கும் மரமும் கோபுரமும் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். சந்தேகமுள்ளவர்கள் ஓட்டுவீட்டுக் கதவை அடைத்துவிட்டு நண்பகலில் பார்க்கலாம். அரபு அறிஞர் இபன் அல்-ஹைதம் இதனைப் பதினோராம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். இயேசு சபைத் துறவி அத்தனாசியுஸ் கிர்ச்சர் 1646இல் வெளியிட்ட ஒளி பற்றிய பெருநூலில், ஆள் உள்ளே நின்று வரையத்தக்க இருட்டறையைப் படம் போட்டே காட்டினார். துளைக்குப் பதில் லென்சு, சுவருக்குப் பதில் ஒளியுணரும் தகடு அல்லது பிலிம்: எக்காலத்துக் காமிராவும் அடிப்படையில் இவ்வளவே. துளை எவ்வளவு அகலம், கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, உள்ளேயிருக்கும் பொருள் எவ்வளவு விரைவாக ஒளியை ஏற்கிறது என்னும் மூன்றும் சேர்ந்தே படத்தைத் தீர்மானிக்கின்றன. ஒன்றில் குறைந்தால் மற்றொன்றில் ஈடு செய்ய வேண்டும். அக்காலத் தகடுகள் ஒளியை மிக மெதுவாகவே ஏற்றன. அதனால் கதவு நெடுநேரம் திறந்திருந்தது. அசைந்தவரெல்லாம் அழிந்து போயினர்.

டாகேரின் தகட்டிலிருந்து மறுபடி எடுக்க வழியில்லை. ஒரு படம் என்றால் ஒன்றுதான். இங்கிலாந்தின் டால்பட் 1841இல் உரிமம் பெற்ற முறையிலோ காகிதமே நெகட்டிவாயிற்று. அதில் ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் மாறித் தோன்றும். அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமாயினும் எடுக்கலாம். 1898 மே 28ஆம் நாள் இரவு செகொண்டோ பியா தூரின் நகரத்துத் திருத்துணியைப் படமெடுத்து நெகட்டிவைக் கழுவியபோது, துணியில் மங்கலாயிருந்த முகம் அதிலே தெளிவாகத் தோன்றியதை நம்மவர் அறிவர். அத்துணியின் காலம் பற்றிய வழக்கை இங்கே எடுக்க நான் விரும்பவில்லை. நெகட்டிவ் என்றால் என்ன என்று மறைக்கல்வி மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை, அவ்வளவே.

டால்பட்டின் காகித வழியைப் பின்பற்றித்தான் நமக்கு அண்டையிலுள்ள மதுரைக்குக் காமிரா வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாயிருந்த லின்னேயஸ் டிரைப், 1856இல் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 இறுதி முதல் 1858 வரை திருவரங்கம், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை என்று அவர் சுற்றினார். நெகட்டிவுகள் மெழுகூட்டிய பெருங்காகிதங்கள். காமிராவோ அதற்கேற்ற பெரும் பெட்டி. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அக்காலச் சாலைகளில் பயணம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே தொடராக்கினார். நேப்பியர் பிரபு ஆளுநராயிருந்தபோது திருமலை நாயக்கர் மகால் செப்பனிடப்பட்டது. அதற்கு முன்னர் அது சிதைந்து நின்ற கோலத்தை நாம் இன்று காண்பதும் டிரைப்பின் படங்களால்தான்.

அந்தப் படங்களை நான் உற்று நோக்கியதுண்டு. தூண்கள் நிற்கின்றன, தெப்பக்குளம் நிற்கிறது, கோபுரம் நிற்கிறது. மக்களை மட்டும் தேட வேண்டியிருக்கிறது. காற்றிலாடிய இலைகள்கூடக் கலங்கியதால், டிரைப் சில நெகட்டிவுகளில் தூரிகையால் இலைகளையும் வெறுமையான வானத்தில் மேகத்தையும் தீட்டிச் சேர்த்தார். மேகத்தைத் தீட்டலாம், பூக்காரியை எப்படித் தீட்டுவது? அந்த மதுரையில் பூக்கட்டியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், அவருடைய பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் எங்கே? அரசுக்கு வேண்டியது கல்லின் ஆவணம். காமிராவுக்கு முடிந்ததும் அதுவே. 1859இல் புதிய ஆளுநர் டிரெவலியன் செலவு மிகுதி என்று இப்பணியை நிறுத்திவிட்டார்.

பின்னர் வந்த மாற்றங்கள் பல. கண்ணாடித் தகடுகள் வேகமாயின. 1888இல் ஈஸ்ட்மன் பிலிம் சுருளிட்ட பெட்டிக் காமிராவை விற்றார். 1900இல் அவருடைய நிறுவனத்தின் பிரௌனி ஒரு டாலருக்குக் கிடைத்தது. இவையெல்லாம் நம் சிற்றூர்களுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. என் சிறுவயதில் திண்டுக்கல் பக்கத்து ஸ்டுடியோக்களில் முக்காலியின் மேல் மரப்பெட்டிக் காமிராவும் கறுப்புத் துணியும் இருந்தன. புறப்படங்களுக்கு, மேல் கண்ணால் பார்த்துக் கீழ்க் கண்ணால் படமெடுக்கும் இரட்டை லென்சு யாஷிகா. வசதியுள்ள வீட்டில் அக்பா கிளிக் 3 இருக்கும். வெயில், மேகம் என்னும் குறிகளில் ஒன்றை வைத்து அழுத்தினால் போதும், சுருளுக்கு 12 படம். உதகையில் 1960இல் தொடங்கப்பட்டு இன்று மூடப்பட்டுவிட்ட அரசு நிறுவனத்தின் ‘இந்து’ பிலிமும் கடைகளில் கிடைத்தது.

எனினும் பன்னிரண்டில் ஒன்றைக்கூட உழைக்கும் வீடுகளின்மேல் யாரும் செலவழிக்கவில்லை. படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று பெரியவர்கள் அஞ்சியதாகச் சொல்லி நாம் சிரிக்கிறோம். எத்தனை பேரை அந்த அச்சம் தடுத்தது, எத்தனை பேரைக் காசில்லாமை தடுத்தது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. பல குடும்பங்களில் ஒருவருக்கு எடுக்கப்பட்ட முதற்படமே, அவரைப் பிணமாக நாற்காலியில் சாய்த்து, சுற்றத்தார் சூழ நின்று எடுத்ததாயிருக்கும். அன்றுதான் அவர் அசையாமல் இருந்தார்.

1993இல் வாக்காளருக்குப் படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்கும் ஆணை வந்தது. தேர்தல் நேர்மைக்காக வந்த அந்த ஆணை, தன்னையறியாமல் வேறொன்றையும் செய்தது. சொத்தோ பதவியோ கேளாமல், வயது வந்த ஒவ்வொருவரையும் அழைத்து ஒரு காமிராவின் முன் உட்கார வைத்தது.

ஆத்தூர்ப் பகுதியில் நான் பணியாற்றியபோது, தோட்டக் கூலியாக வாழ்ந்து மறைந்த ஒரு மூதாட்டியின் அடக்கத்துக்குச் சென்றேன். பெட்டியின் தலைமாட்டில் மாலையிட்ட படம். வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தது. அட்டையின் கீறல் ஒன்று நெற்றியின் குறுக்கே ஓடியது. திருமணப் படம் ஏதும் உண்டா என்று மகனிடம் கேட்டேன்.

“இல்ல சாமி. அம்மாவுக்கு இது ஒண்ணுதான். அதுலயும் அசைஞ்சிருச்சு. தங்கச்சி வாசல்ல நின்னு கூப்பிட்டுச்சாம்.”

உற்றுப் பார்த்தேன். முகம் சற்றே இடப்பக்கம் திரும்பியிருந்தது. காதோரம் கலங்கியிருந்தது.