ஹெலிகாப்டர் தற்சுழற்சி இறக்கம்

தற்சுழற்சி இறக்கம் என்பது எஞ்சின் செயலிழந்த ஹெலிகாப்டரை, காற்றின் விசையால் மட்டும் சுழலியைச் சுற்றவைத்துத் தரையிறக்கும் முறை. ஆங்கிலத்தில் ஆட்டோரொட்டேஷன் எனப்படும். விமானிகள் இதைப் பயிற்சியிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சியே பல ஹெலிகாப்டர்களை உடைத்திருக்கிறது.

செயல்படும் விதம்

தணக்கு மரத்தின் இறகுள்ள காய் சுழன்றபடி மெல்ல இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். எஞ்சின் நின்றவுடன் விமானி சுழலித் தகடுகளின் சாய்வைக் குறைக்கிறார். ஹெலிகாப்டர் கீழிறங்க, கீழிருந்து மேல்நோக்கிப் பாயும் காற்று சுழலியைச் சுற்றுகிறது. தரையை நெருங்கும்போது மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைப்பார். கடைசியில் தகடுகளின் சாய்வைக் கூட்டி, சுழலியில் சேர்ந்துள்ள ஆற்றலால் வீழ்ச்சியைத் தணிப்பார்.

அந்த ஆற்றல் சில நொடிகளுக்கே போதும். சாய்வை முன்கூட்டியே கூட்டினால், ஆற்றல் தீர்ந்து உயரத்திலிருந்து விழ நேரும். தாமதித்தால் வேகம் குறையாமலே தரையில் மோத நேரும். இதுவே கடுந்தரையிறக்கம். இதில் சறுக்குக்கால் வளையலாம்; சுழலித் தகடு தாழ்ந்து வால்பகுதியை வெட்டலாம்; விமானியின் முதுகெலும்பு பாதிக்கப்படலாம்.

வரலாறு

இத்தத்துவத்தை வானூர்தியில் முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்தியவர் ஸ்பெயின் பொறியாளர் குவான் டி லா சியர்வா. 1919-இல் அவர் வடிவமைத்த விமானம் ஒன்று வேகம் குறைந்து விழுந்து நொறுங்கியது. அதன்பின் வேகம் குறைந்தாலும் விழாத ஊர்தியைத் தேடினார். அவருடைய ஆட்டோஜைரோ 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே பறந்தது. அவரோ 1936-இல் லண்டனில் ஒரு சாதாரணப் பயணிகள் விமான விபத்தில் உயிரிழந்தார்.

இம்முறையின் ஆற்றலை உலகுக்குக் காட்டியது, இந்தியாவோடு தொடர்புடைய ஒரு ஹெலிகாப்டர். இமயமலைப் பணிக்காக இந்தியப் படைகள் கேட்டதற்கிணங்க பிரான்சில் உருவானது லாமா. 1972 ஜூன் 21 அன்று அதில் 12,442 மீட்டர் உயரத்தை எட்டினார் ழான் பூலே. அங்கே எஞ்சின் அணைந்தது, மீண்டும் இயங்கவில்லை. தற்சுழற்சியிலேயே பத்திரமாகத் தரையிறங்கினார். இதே வகையை ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 'சீட்டா' என்ற பெயரில் தயாரித்தது.

பயிற்சியின் சிக்கல்

உண்மையான எஞ்சின் கோளாறுகளைவிடப் பயிற்சியிலேயே அதிகச் சேதம் ஏற்படுகிறது என்று கண்ட அமெரிக்கத் தரைப்படை, தரையைத் தொடும்வரை செய்யும் பயிற்சியை 1980-களில் தன் வழக்கமான படைப்பிரிவுகளில் தவிர்த்தது. அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013-இல் இப்பயிற்சிக்கென்றே ஓர் ஆலோசனைச் சுற்றறிக்கை வெளியிட்டது. தரைக்குச் சற்று மேலே எஞ்சின் விசையை மீட்டு மேலெழும் முறையே இன்று பரவலாக உள்ளது. இதில் ஆபத்து குறைவு. ஆனால் உயிரைத் தீர்மானிக்கும் கடைசி நொடிகளை மாணவர் அனுபவித்துப் பார்ப்பதில்லை. பாவிப்பிகள் அக்குறையை ஓரளவே ஈடுசெய்கின்றன.

தமிழகத்தில்

இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அரக்கோணத்தில், 1992 மார்ச் 11 அன்று தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் உள்ளது. இங்கு மாணவர்கள் கற்கும் சேத்தக் ஒற்றை எஞ்சின் கொண்டது. கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியான அனாமிகா ராஜீவ் 2024 ஜூனில் இங்கேதான் பயிற்சி முடித்தார்.

2017 நவம்பர் 30 அன்று ஓக்கி புயல் சுசீந்திரம், நாகர்கோவில் உள்ளிட்ட கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. அப்போது காணாமல்போன மீனவர்களைக் கடற்படை, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்கள் கடலின் மேல் தேடின. கரை தெரியாத கடலில் எஞ்சின் நின்றால் விமானிக்குத் துணை, பயிற்சியில் பழகிய கையும் சுழலியில் மிஞ்சிய ஆற்றலும்தான். ஆபத்து இருந்தும் இப்பயிற்சி கைவிடப்படாமைக்குக் காரணம் இதுவே.